நாற்பதாவது பை

ஜூன் 10, செவ்வாய்

இந்த நோட்டைத் தினமும் எழுத வேண்டும் என்பது ஜெயராணி மேடத்தின் உத்தரவு. காளான் வளர்ப்புப் பயிற்சிக்குப் போயிருந்த பதினெட்டுப் பேருக்கும் ஆளுக்கொரு நோட்டு கொடுத்தார். கொட்டகைக்குள் யார் போனார்கள், எத்தனை முறை போனார்கள், எவ்வளவு தண்ணீர் தெளித்தார்கள் என்று எல்லாமே இதில் இருக்க வேண்டுமாம். மற்ற பதினேழு பேரும் நெளிந்தார்கள். நான் தாலுகா ஆபீஸ் தபால் பிரிவில் முப்பத்து நாலு வருடம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன். புதுப் பதிவேட்டைக் கண்டால் எனக்குக் கை ஊறும்.

பதிவேடு என்றால் முதலில் பொருள். பொருள்: வீட்டுக்குப் பின்னால் நிற்கும் ஷெட். தகரக் கூரை, மூன்று பக்கம் செங்கல், ஒரு பக்கம் சாய்ந்த கதவு. உள்ளே ஓடாத ஸ்கூட்டர், கால் உடைந்த கட்டில், மகள் செண்பகத்தின் ஒன்றாம் வகுப்பு முதல் கல்லூரி வரையான நோட்டுகள், மாமனார் சீதனமாகக் கொடுத்து எப்போதோ நின்றுபோன பிரிட்ஜ், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அந்த நாற்காலியில் காலை பத்து முதல் பன்னிரண்டு வரை, மாலை மூன்று முதல் ஐந்து வரை நான் இருப்பேன். என்ன செய்கிறேன் என்று என் மனைவி உலகம்மாள் கேட்பாள். யோசிக்கிறேன் என்பேன்.

அடுத்த மாதம் இருபதாம் தேதி செண்பகமும் மாப்பிள்ளையும் பெங்களூரிலிருந்து புதுக் காரில் வருகிறார்கள். காரை நிறுத்த இடம் வேண்டும், ஷெட்டை இடித்துவிடலாம் என்று உலகம்மாள் போன வாரம் சொன்னாள். அவள் தம்பி ஆவுடையப்பன் உடனே ஜேசிபிக்காரனுக்கு போன் போட எழுந்தான். பதறிப்போய், அதில் நான் காளான் வளர்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். பேப்பரில் பயிற்சி விளம்பரத்தைப் பார்த்தது அன்று காலையில்தான்.

"சரி. பத்தொம்பதாம் தேதிக்குள்ள அரைக்கிலோ காளான் என் தராசுல நிக்கணும். இல்லன்னா இடிச்சிருவேன்" என்றாள் உலகம்மாள்.

அவள் சொன்னால் செய்வாள். முப்பத்தோரு வருடமாகப் பார்க்கிறேன்.

ஜூன் 12, வியாழன்

ஷெட்டைக் காலி செய்தோம். ஸ்கூட்டரைப் பழைய இரும்புக்காரன் எடுத்துக்கொண்டான். அதன் டிக்கியில் இருந்த சில உபகரணங்களை மட்டும் யாரும் பார்க்காமல் எடுத்து பிரிட்ஜுக்குள் வைத்தேன்.

அடுத்து ஆவுடையப்பன் பிரிட்ஜைத் தூக்க வந்தான். மாமனார் ஞாபகார்த்தமாக அது இருந்துவிட்டுப் போகட்டும் என்று சொன்னேன். அந்த பிரிட்ஜைப் பற்றி நான் ஒரு நாளும் மரியாதையாகப் பேசியதில்லை. உலகம்மாள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். ஆனால் ஆவுடையப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. பிரிட்ஜ் மூலையில் நிற்கிறது. மற்றதெல்லாம் போய்விட்டாலும் அதன் கதவு இன்றும் காற்றுப் புகாமல் மூடுகிறது.

ஸ்கூட்டர் நின்ற இடத்திலிருந்து எறும்பு வரிசை ஒன்று போய்க்கொண்டிருந்தது. ஸ்கூட்டரில் எறும்புக்கு என்ன வேலை என்று உலகம்மாள் கேட்டாள். பெட்ரோல் வாசனையாக இருக்கும் என்றேன்.

ஜூன் 14, சனி

மாதாந்திர ரத்தப் பரிசோதனை. வெறும் வயிற்றில் 212. போன மாதத்தைவிட இருபது கூடுதல்.

இனிப்பைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லி எட்டு மாதம் ஆகிறது. நான் தொடுவதில்லை என்பதை இந்த நோட்டிலும் பதிவு செய்து வைக்கிறேன், யாராவது படித்தால் உதவும். டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். உலகம்மாள் வழி முழுக்க என் காலையே பார்த்துக்கொண்டு வந்தாள். அவளுடைய அப்பாவுக்குச் சர்க்கரையால் வலது காலில் இரண்டு விரலை எடுத்தார்கள். அதை நினைத்திருப்பாள்.

வரும் வழியில் அவள் கறிவேப்பிலை வாங்க நின்ற இடைவெளியில் உபகரணம் கால் கிலோ வாங்கினேன்.

ஜூன் 18, புதன்

சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தேன். தரைக்கு ஆற்று மணல். ஜன்னலுக்குக் கொசுவலை. கூரைக் கம்பியில் கயிறு கட்டி, பைகளைத் தொங்கவிட வளையம் போட்டேன். உள்ளே போகும்போது பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் காலை முக்கிவிட்டுத்தான் போக வேண்டும் என்று மேடம் சொல்லியிருக்கிறார். நான் அவசரத்தில் பவுடரைக் கொஞ்சம் தாராளமாகப் போட்டுவிட்டேன். என் கால் இப்போது முழங்காலுக்குக் கீழே வேறு ஆளுடையது.

ஆவுடையப்பன் வாஸ்து பார்த்தான். ஷெட் கதவு தெற்கே இருக்கிறதாம், காளானுக்கு ஆகாதாம். காளானுக்கு எது ஆகும் எது ஆகாது என்று பஞ்சாங்கத்தில் எங்கே போட்டிருக்கிறது என்று கேட்டேன். "தாவரம்னு பொதுவா போட்டுருக்கு அத்தான்" என்றான்.

ஜூன் 20, வெள்ளி

சாரல். வைக்கோலைத் துண்டு துண்டாக வெட்டி, ஊறவைத்து, செண்பகம் கல்யாணத்துக்கு வாங்கிய பெரிய அண்டாவில் அவித்தோம். பின்பக்கம் முழுக்க ஒரே புகை.

பக்கத்து வீட்டுப் பண்டாரம், ஓய்வு பெற்ற ஏட்டு, மதில் வழியாக எட்டிப் பார்த்தார். சும்மா வந்தேன் என்றார். அண்டாவுக்குள் வைக்கோல்தான் என்று நான் மூடியைத் திறந்து காட்டினேன். நன்றாகக் குனிந்து பார்த்தார். வேறு எதுவும் காய்ச்சவில்லையா என்று கேட்டார். இல்லை என்றதும் அவர் முகம் வாடியதைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

ஜூன் 21, சனி

பை நிரப்பும் நாள். பாலித்தீன் பையில் ஒரு வரிசை வைக்கோல், ஒரு வரிசை காளான் விதை, மறுபடி வைக்கோல். பிறகு வாயைக் கட்டிப் பக்கவாட்டில் துளை போட வேண்டும். மொத்தம் நாற்பது பை. உலகம்மாள் முப்பத்து நாலு கட்டினாள், நான் ஆறு கட்டினேன். அவளுடையவை இட்லி மாதிரி ஒரே அளவாக இருந்தன. என்னுடையவற்றில் நாற்பதாவது பை மட்டும் ஒரு பக்கம் தொப்பை போட்டுச் சாய்ந்துவிட்டது.

முப்பத்தொன்பது பைகளைத் தொங்கவிட்டோம். இட நெருக்கடி காரணமாக நாற்பதாவது பையை நான் பிரிட்ஜுக்குள் வைத்தேன். உபகரண டப்பாவுக்கு முன்னால் அது சரியாக உட்கார்ந்தது. கதவைத் திறந்தால் பை மட்டும்தான் தெரியும்.

ஜூன் 22, ஞாயிறு

ஆடி பிறந்தால் நல்ல காரியம் எதுவும் தொடங்கக் கூடாது என்று ஆவுடையப்பன் இன்றைக்கே பால் காய்ச்ச ஏற்பாடு செய்திருந்தான். ஷெட்டுக்குப் பால் காய்ச்சியது இந்தத் தெருவில் நாங்கள்தான் முதலாக இருக்கும். ஒன்பது மணிக்குப் பால் பொங்கியது. சாம்பிராணி போட்டோம், ஷெட்டே மறைந்துபோனது. பிறகு உலகம்மாள் செம்பில் மஞ்சளைக் கரைத்து மாவிலையால் ஒவ்வொரு பைக்கும் தெளித்துக்கொண்டே வந்தாள். ஒரு பையையும் விடவில்லை. துளை வழியாக உள்ளேயும் போகட்டும் என்று இரண்டு முறை தெளித்தாள்.

பிரிட்ஜுக்குள்ளும் தெளிக்க வேண்டும் என்றான் ஆவுடையப்பன். நான் கதவில் சாய்ந்து நின்றுகொண்டேன். வெளியே தெளித்தாலே உள்ளே போய்ச் சேரும் என்றேன். தெளித்தார்கள், என் மேல்தான் விழுந்தது.

ஜூன் 24, செவ்வாய்

ஆய்வு மூன்று முறை. காலை பத்தே கால், பதினொன்றரை, மாலை நாலு.

என் ஆபீஸ் அனுபவத்தில் ஒன்று கற்றிருக்கிறேன். டீக்கடைக்குப் போனாலும் பதிவேட்டில் ‘ஆய்வு’ என்று எழுதிவிட்டால் யாரும் ஒரு கேள்வி கேட்பதில்லை.

ஜூன் 27, வெள்ளி

ஆய்வு மூன்று முறை.

வீட்டுக்குச் செவ்வாய் வெள்ளியில் செய்வதை எல்லாம் உலகம்மாள் இப்போது ஷெட்டுக்கும் செய்கிறாள். மஞ்சள் தண்ணீர், சாம்பிராணி, வாசலில் ஒரு சிறு கோலம். மேடம் கொடுத்த குறிப்பில் இப்படி எதுவும் இல்லை. ஆனால் செய்யக் கூடாது என்றும் எழுதவில்லை. அவள் பைகளிடம் மெதுவாக ஏதோ சொல்லிக்கொண்டே தெளிக்கிறாள். என்ன என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல, சீக்கிரம் வாங்கன்னு சொல்லுதேன்" என்றாள்.

இடிக்க வேண்டும் என்றவளுக்கு இதில் என்ன அவசரம் என்று தெரியவில்லை.

ஜூலை 2, புதன்

ஆய்வு மூன்று முறை. உபகரணம் தீர்ந்தது. வைக்கோல் விலை விசாரிக்கப் போய் அரைக் கிலோ வாங்கி வந்தேன். கடைக்காரர், கருப்பட்டிச் சேவு இன்றைக்கு இளஞ்சூடாக இருக்கிறது என்றார். இந்த வரியை அப்புறம் அடிக்க வேண்டும்.

பைக்குள் பஞ்சு மாதிரி வெள்ளை படர வேண்டும் என்றார் மேடம். முப்பத்தொன்பது பைகளிலும் வைக்கோல் வைக்கோலாகவே இருக்கிறது. சிலவற்றில் லேசாக மஞ்சள் பூத்திருக்கிறது. பிரிட்ஜில் இருக்கும் சாய்ந்த பை மட்டும் வெள்ளை வெளேர் என்று ஆகிவிட்டது. காரணம் புரியவில்லை.

ஜூலை 3, வியாழன்

உலகம்மாள் என் வேட்டியை உதறிவிட்டு, இது என்ன துகள் என்று கேட்டாள். வைக்கோல் தூள் என்றேன். முகர்ந்து பார்த்தாள். அப்படியே ஊறப்போட்டாள்.

ஜூலை 9, புதன்

ஜேசிபிக்காரன் வந்து அளந்துவிட்டுப் போனான். ஒரு மணி நேரத்து வேலை என்றான். நான் பன்னிரண்டு வருடம் உட்கார்ந்த இடம்.

ஜூலை 12, சனி

காலை ஆய்வுக்கு பிரிட்ஜைத் திறந்தேன். நாற்பதாவது பையின் துளைகளில் குண்டூசித் தலை அளவில் கொத்துக் கொத்தாக மொட்டு வந்திருக்கிறது. உலகம்மாளைக் கூப்பிட வாயைத் திறந்தேன். கூப்பிட்டால் அவள் பிரிட்ஜைப் பார்ப்பாள். வாயை மூடிக்கொண்டேன்.

பையைத் தூக்கி வெளியே கயிற்றில் தொங்கவிட்டேன். மதியத்துக்குள் மொட்டெல்லாம் தலை தொங்கிவிட்டது. பயந்துபோய் பழைய இடத்திலேயே வைத்துவிட்டேன். மாலையில் நிமிர்ந்துகொண்டது. பிரிட்ஜை விட்டு அது வராது போலிருக்கிறது.

ஜூலை 15, செவ்வாய்

நிலைமை மோசம். பையை நகர்த்த முடியாது என்றால் டப்பாவையாவது வேறு இடத்துக்கு மாற்றலாம் என்று போனேன். அதுவும் முடியாது. பின்பக்கத்துக் கொத்து வளர்ந்து டப்பாவின் மூடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டது. டப்பாவை இழுத்தால் காளான் உடையும். காளான் உடைந்தால் ஷெட் உடையும்.

மூடியையும் திறக்க முடியாது. உள்ளே கொஞ்சம் உபகரணம் பாக்கி இருக்கிறது.

நாற்காலியில் உட்கார்ந்து வெகு நேரம் யோசித்தேன். இந்த முறை உண்மையாகவே யோசித்தேன். காளான் வளரட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஜூலை 16, புதன்

ஆய்வு மூன்று முறை. மூன்றும் ஆய்வுதான். குடை விரிகிறது.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்துவிட்டது. மாலை ஷெட்டுக்குப் போனால் உலகம்மாள் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எதிரே முப்பத்தொன்பது பைகளும் தொங்கின. நாற்பதாவது ஒன்று இருந்ததையே அவள் மறந்துபோயிருந்தாள். அவள் அழுதிருக்கிறாள் என்று தெரிந்தது. தெளித்தது போதவில்லையோ, நாள் தவறிவிட்டதோ என்று என்னிடம் கேட்டாள். இடிக்கச் சொன்ன நீயே ஏன் அழுகிறாய் என்று கேட்டேன்.

"ரிட்டையர் ஆன நாள்லருந்து நீங்க இதுக்குள்ள வந்து தனியா உக்காந்துருக்கீய. வெளிய வரட்டும்னுதான் இடிக்கணும்னேன். காளான்னு சொன்னதும், இந்த ஒரு மாசம் ரெண்டு பேரும் சேந்து ஒரு வேல செஞ்சமா இல்லையா? அதான் நின்னுரட்டும்னு நெனச்சேன்" என்றாள்.

பிரிட்ஜ் எங்களுக்கு நாலு அடி தள்ளித்தான் இருந்தது. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நான் கோழை என்பதைப் பதிவு செய்கிறேன்.

நாளைக்குள் யாரும் அறியாமல் அறுவடை செய்து டப்பாவை மீட்டுவிட்டு, காளானை மட்டும் கொண்டுபோய் நீட்டுவது என்று முடிவு.

ஜூலை 18, வெள்ளி

முடியவில்லை. உலகம்மாள் நாள் முழுக்க ஷெட்டை விட்டு நகரவில்லை. ஒவ்வொரு பையாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெயராணி மேடத்துக்கு அவளே போன் செய்துவிட்டாள். நாளை வருகிறாராம்.

அவள் சாப்பிடப் போன நேரத்தில் மட்டும் ஓடிப்போய் மூன்று முறை திறந்து மூடினேன்.

ஜூலை 19, சனி

எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

பதினோரு மணிக்கு மேடம் வந்தார். காலை பிளீச்சிங் தண்ணீரில் முக்கிவிட்டு உள்ளே போனார். முதல் பையை முகர்ந்தார். இரண்டாவதை முகர்ந்தார். பிறகு உலகம்மாளைத் திரும்பிப் பார்த்து, இதில் மஞ்சள் ஏதும் பட்டதா என்று கேட்டார். செவ்வாய் வெள்ளி தவறாமல் தெளித்தேன் என்று உலகம்மாள் பெருமையாகவே சொன்னாள்.

"அம்மா, மஞ்சள் பூஞ்சையக் கொல்லும். காளானும் ஒரு பூஞ்சதான்" என்றார் மேடம்.

உலகம்மாள் முகம் அப்படியே வெளுத்துப்போனது. ஆவுடையப்பன் பஞ்சாங்கத்தைச் சட்டைக்குள் சொருகிக்கொண்டு வாசல் பக்கம் நகர்ந்தான். என்னால் அவளைப் பார்க்க முடியவில்லை. ஒரு மாதமாகப் பிள்ளைகளுக்குத் திருஷ்டி கழிப்பதுபோல் அத்தனை பாசமாக அவள்தான் எல்லாவற்றையும் கொன்றிருக்கிறாள். அவள் இன்னும் செம்பைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். போய் பிரிட்ஜைத் திறந்துவிட்டேன்.

காளான் கதவு பக்கமாகச் சரிந்து வெளியே எட்டிப் பார்த்தது. கை அகலத்துக் குடைகள், சாம்பல் கலந்த வெள்ளை. மேடம் ஓடி வந்தார். மூடிய பிரிட்ஜுக்குள் எப்படி வந்தது என்று அவருக்கு ஆச்சரியம். மொட்டு விடும் நேரத்தில் நாளைக்கு மூன்று முறையாவது நல்ல காற்று மாற வேண்டும், மூடிய பெட்டியில் அதற்கு வழியே இல்லையே என்றார். இந்த நோட்டைக் கேட்டார். கொடுத்தேன். வேறு வழியில்லை.

"ஆய்வு மூணு முறை, ஆய்வு மூணு முறை. ஒரு நாள்கூட தவறல. சார், இருபத்தஞ்சு வருஷ சர்வீஸ்ல இப்படி ஒழுக்கமான ஆள நான் பாத்ததில்ல" என்றார் மேடம். அடுத்த பயிற்சியில் வந்து பேச வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார்.

அந்த நேரத்தில் உலகம்மாள் காளானைப் பக்குவமாகத் திருகி எடுத்துக்கொண்டிருந்தாள். கடைசிக் கொத்தோடு டப்பாவும் கையில் வந்தது. மூடியைத் திறந்தாள். மேடம் வரி வரியாக நோட்டைப் படித்துக்கொண்டே ஜூலை இரண்டாம் தேதிக்கு வந்து, அங்கே நிறுத்திக்கொண்டார். அந்த வரியை நான் அடிக்க மறந்திருந்தேன்.

மேடம் நோட்டை மெதுவாக என் கையில் கொடுத்துவிட்டு, வேறு ஊருக்குப் போக வேண்டும் என்று கிளம்பினார்.

உலகம்மாள் தராசை எடுத்து வந்தாள். காளானைத் தட்டில் வைத்தாள். முந்நூற்று நாற்பது கிராம். ஆவுடையப்பன் எட்டிப் பார்த்து, நூற்று அறுபது குறைகிறது அக்கா, ஜேசிபிக்காரனை வரச் சொல்லவா என்று கேட்டான். அவள் டப்பாவைத் தட்டின் மேல் சாய்த்தாள். கருப்பட்டிச் சேவு காளான் மேல் சரசரவென்று விழுந்தது. கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்தாள். முள் நடுவில் நின்றது.

"அரைக்கிலோ ஆயிட்டு. வர வேண்டாம்னு சொல்லு" என்றாள்.

ஆவுடையப்பன் போன பிறகும் அவள் தராசை விட்டு நகரவில்லை. அவளாகவே சொன்னாள்.

"அப்பாவுக்கு வெரல எடுத்த அன்னைக்கு ஆஸ்பத்திரி பெஞ்சுல ஒத்தையில உக்காந்துருந்தது நான்தான். இன்னொரு தடவ என்னய அந்த பெஞ்சுல உக்கார வைக்காதீய."

நான் மன்னிப்புக் கேட்டேன். மஞ்சளுக்கு அவளும் கேட்டாள். அது ஒரு குற்றமே இல்லை என்று சொன்னேன், அவள் நம்பவில்லை. சேவைப் பொறுக்கி எடுத்து பண்டாரம் வீட்டுக்குக் கொடுத்துவிட்டோம். போன மாதம் ஏமாந்தவருக்கு இது ஒரு ஈடு.

ஜூலை 20, ஞாயிறு

செண்பகமும் மாப்பிள்ளையும் வந்தார்கள். கார் தெருவில் வேப்பமரத்தடியில் நிற்கிறது. காளான் குழம்பில் லேசாக இனிப்பு தட்டுகிறதே, அம்மா என்ன போட்டாள் என்று மாப்பிள்ளை கேட்டார். நானும் உலகம்மாளும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டோம்.

ஜூலை 22, செவ்வாய்

பரிசோதனை. 168. டாக்டர் தான் கூட்டிக் கொடுத்த மாத்திரையைப் புகழ்ந்தார். ஒரு வாரமாக நான் டப்பாவில் கை வைக்கவில்லை என்ற உண்மையை உலகம்மாள் அவரிடம் சொல்லவில்லை. என் மானத்தைக் காப்பாற்றினாள்.

ஜூலை 29, செவ்வாய்

புதிதாக முப்பது பை கட்டினோம். அவள் இருபத்தைந்து, நான் ஐந்து. மஞ்சள் தண்ணீர் ஷெட் வாசற்படியோடு நின்றுவிடுகிறது. பிரிட்ஜின் தட்டுகளைக் கழற்றிவிட்டு அதிலும் நாலு பை வைத்திருக்கிறோம்.

ஆய்வு மூன்று முறை. மூன்றுக்கும் உலகம்மாள் கூட வந்தாள். வரும்போதே அவளுக்கும் ஒரு நாற்காலி எடுத்து வந்தாள்.